8×4 அடி பலகையில் முதல் மாடல் ரயில் லேஅவுட்: என் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

காகிதக்கப்பல் | பெரம்பூர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் எழுதுகிறேன். வீடு ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐசிஎப்) பக்கத்தில். புதுப் பெட்டிகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் இந்த ஆசை ரொம்ப நாளாக உண்டு. லண்டனிலிருந்து வந்த மைத்துனர் போன மாதம் ஒரு ஹார்ன்பி மாடல் ரயில் ஸ்டார்டர் செட் கொடுத்தார். சின்ன ஓவல், ஒரு குட்டி இன்ஜின், மூன்று வேகன். என் ஒன்பது வயது மகளும் நானும் தினமும் தரையில் விரித்து ஓட்டுகிறோம். இனி நிரந்தரமாக ஒரு பலகையில் போடலாம் என்று முடிவு.

அறை 10க்கு 11 அடி. 8×4 பிளைவுட் ஒரு ஷீட் வாங்கி, மூலையில் இரண்டு சுவரையும் ஒட்டிப் போடப்போகிறேன். இன்று வரை வரைந்தது: இரட்டை ஓவல், ஒன்றின் மேல் ஒன்று பாலத்தில் ஏறிப் போக வேண்டும், வண்டி திசை திரும்ப ஓவலுக்கு நடுவே குறுக்காக ஒரு பாதை, வேகன் நிறுத்த ஐந்து சைடிங் (கிளைப்பாதை), இன்ஜினைத் திருப்ப ஒரு டர்ன்டேபிள். மொத்தம் 14 பாயிண்ட் (பாதை பிரியும் இடம்). எட்டு ஐசிஎப் பெட்டியோடு ஒரு எக்ஸ்பிரஸ் ஓட வேண்டும் என்பது மகளின் விருப்பம். பிறகு ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87ல் ஒரு பங்கு) ஒரு டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினும் ஐந்து பாக்ஸ்என் சரக்கு வேகனும் வாங்க எண்ணம். இது சரிப்படுமா?

---

மீட்டர்கேஜ் | மதுரை

வாருங்கள். மகளோடு சேர்ந்து செய்கிறீர்கள் என்பதே பெரிய சந்தோஷம்.

பாதையைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. அந்தப் பலகையின் பின்மூலையில் வண்டி தடம்புரண்டால் உங்கள் கை எட்டுமா? இப்போதே ஒரு மேஜை முன் நின்று கையை நீட்டி டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு 75 செ.மீ. வந்தால் அதிகம். 4 அடி என்றால் 122 செ.மீ. மிச்சம் 47 செ.மீ. உங்களுக்குச் சொந்தமில்லாத இடம்.

என் முதல் பலகை அப்படித்தான் மூலையில் இருந்தது. பின்வளைவில் தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினர் ஒன்று சரியாகக் கோக்கவில்லை, அதே இடத்தில் வேகன் இறங்கிக்கொண்டே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, பலகை மேல் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் எடுத்தேன். ஊன்றிய கைக்கு அடியில் இரண்டு வாரமாக அட்டையில் செய்த ஸ்டேஷன் கட்டடம். அதன் பிறகு அந்தப் பக்கம் வண்டி ஓட்டவே மனம் வரவில்லை, மூன்று மாதத்தில் பலகையைப் பிரித்துவிட்டேன். இந்தப் பொழுதுபோக்கை நிறைய பேர் கைவிடுவது இப்படி எட்டாத ஒரு மூலையால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

---

காகிதக்கப்பல்

இதை யோசிக்கவே இல்லை. அளந்தேன். எனக்கு 72, மகளுக்கு 50கூட வரவில்லை.

அறையைத் திரும்பப் பார்த்தால் வேறு வழி இருக்கிறது. 8 அடிப் பக்கத்தை 11 அடிச் சுவருக்கு இணையாகப் போட்டு, குட்டைப் பக்கம் ஒன்றை மட்டும் சுவரோடு ஒட்டினால் இன்னொரு முனையில் 3 அடி வழி கிடைக்கும். பின்னால் 2 அடி, முன்னால் 4 அடி. இரண்டு நீளப் பக்கமும் திறந்தே இருக்கும். சரியா?

---

மீட்டர்கேஜ்

அருமை. இதைவிட நல்ல இடம் அந்த அறையில் இல்லை.

---

ஒன்பது_மிமீ | கோவை

எக்ஸ்பிரஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐசிஎப் பெட்டியின் உடல் நீளம் ஏறக்குறைய 21.3 மீட்டர். ஹெச்ஓ அளவு 1:87, அதில் அது 245 மி.மீ. வரும். எட்டுப் பெட்டி சேர்ந்தாலே ஏறக்குறைய 2 மீட்டர், இன்ஜின் தனி. உங்கள் பலகையின் நீளம் 2.44 மீட்டர். வண்டி தன் வாலையே துரத்துவது போல இருக்கும்.

வளைவும் இடிக்கும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் வண்டி நிம்மதியாக ஓடும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு மடங்கில் தத்தித் தத்தி ஓடும், ஐந்து மடங்கில் பார்க்கவும் அழகு. 245ஐ மூன்றால் பெருக்கினால் 735. அந்த ஆரத்தில் அரைவட்டம் திரும்ப ஏறக்குறைய 1.5 மீட்டர் அகலம் வேண்டும், உங்களுக்கு இருப்பது 1.22. உங்கள் செட்டில் இருப்பது 438 மி.மீ. வளைவு. அதில் நீளப் பெட்டிகளின் நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் பிதுங்கும், பக்கத்துப் பாதையில் நிற்கும் வண்டியை உரசும்.

நான் ‘N’ ஸ்கேல் எனும் 1:160 அளவு வண்டி ஓட்டுபவன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1:160ல் அதே பெட்டி 133 மி.மீ.தான். 400 மி.மீ. ஆரம் போதும், உங்கள் பலகையில் எட்டுப் பெட்டி கம்பீரமாகப் போகும். தண்டவாள அகலம் 9 மி.மீ. ஆனால் நம்மூர் வண்டிகள் அந்த அளவில் கிடைப்பது அரிது என்பதையும் மறைக்கவில்லை.

---

மீட்டர்கேஜ்

கணக்கு சரி. ஆனால் கையில் இருக்கும் செட்டை மாற்றச் சொல்ல மாட்டேன். குழந்தை கை வைத்து ஏற்ற இறக்க 16.5 மி.மீ. தண்டவாளம்தான் வசதி, 9 மி.மீ.யில் ஒரு வேகனைத் தடத்தில் ஏற்றப் பெரியவர்களுக்கே பொறுமை வேண்டும்.

வண்டியைக் குட்டையாக்கிவிடலாம். பாக்ஸ்என் வேகன் 10.7 மீட்டர், ஹெச்ஓ-வில் 123 மி.மீ. இந்த வளைவில் நன்றாகவே ஓடும். சரக்கு வண்டிக்குச் செய்ய வேலையும் அதிகம்: கழற்ற, தள்ள, விட்டுவிட்டு வர. எக்ஸ்பிரஸ் சுற்றிச் சுற்றி வருவதைப் பத்தாவது சுற்றில் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். மகளிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

(செட்டில் இருக்கும் ஹார்ன்பி வண்டிகள் ஓஓ, அதாவது 1:76. தண்டவாள அகலம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஒரே பாதையில் ஓடும். பக்கத்தில் நிறுத்தினால் அளவு வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.)

---

காகிதக்கப்பல்

மகள் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்: பாலம் கட்டாயம் வேண்டும்.

---

மீட்டர்கேஜ்

பாலம் வேண்டும்தான். எனக்கும் இந்தப் பைத்தியம் வந்ததே கொல்லம் செங்கோட்டைப் பாதையின் பதிமூன்று கண் பாலத்தால். 1904ல் திறந்த மீட்டர்கேஜ் பாதை. 2010ல் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தும் வரை எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. ஜன்னலில் தலையை நீட்டினால் வளைவில் நம் வண்டியின் இன்ஜினே பாலத்தின் மேல் போவது தெரியும்.

ஆனால் ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை போகும் பாலத்தை இந்தப் பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வண்டி தட்டாமல் போக, மேல் தண்டவாளம் ஏறக்குறைய 75 மி.மீ. உயர வேண்டும். மாடல் இன்ஜின் சில வேகனை இழுத்துக்கொண்டு தடுமாறாமல் ஏற 3 சதவீதச் சரிவு, அதாவது 100க்கு 3. அப்படியென்றால் 75 மி.மீ. ஏற 2.5 மீட்டர் ஓட வேண்டும், இறங்க இன்னொரு 2.5 மீட்டர். உங்கள் ஓவலின் மொத்தச் சுற்றளவே ஏறக்குறைய 5.7 மீட்டர். ஸ்டேஷனுக்குச் சமதளமாக 70 செ.மீ. கூட மிஞ்சாது. ஸ்டேஷனைச் சரிவில் வைத்தால் கழற்றிவிட்ட வேகன் தானாக உருண்டு போகும்.

மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் 12.28க்கு 1 ஏறுகிறதே என்று கேட்கலாம். அங்கே நடுவில் பல்சட்டம் இருக்கிறது, நீராவி இன்ஜின் கீழ்முனையில் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. அது இல்லாத, மும்பை புனே பாதையின் ‘போர் காட்’ மலைச்சரிவில் 37க்கு 1 ஏறவே பின்னால் கூடுதல் இன்ஜின்கள் வைக்கிறார்கள்.

அதனால் தண்டவாளத்தை ஏற்றாதீர்கள், நிலத்தை இறக்குங்கள். பிளைவுட் மேல் 2 அங்குல கெட்டி தெர்மகோல் ஷீட் ஒட்டி, பாதை முழுவதையும் அதன் மேல் சமதளமாகப் போடுங்கள். ஒரு வளைவுக்கு அடியில் மட்டும் தெர்மகோலைக் குடைந்து ஓடை வெட்டுங்கள். குடைந்த இடத்தில் பாதைக்கு அடியில் ஒரு பட்டை மரம் கொடுத்து, பக்கவாட்டில் அட்டையில் வளைவுக் கண்கள் வெட்டி ஒட்டினால் கல்பாலம் வந்துவிடும். வண்டிக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 50 மி.மீ. ஆழம் என்பது 1:87ல் நாலு மீட்டருக்கும் மேல், ஓடைக்கு அது தாராளம்.

---

காகிதக்கப்பல்

நிலத்தை இறக்கும் யோசனை மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஓடையில் என்னென்ன மீன் என்று பட்டியல் போடுகிறாள்.

---

சிவப்பு_நீலம் | திருச்சி

அந்தக் குறுக்குப் பாதையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அது மின்சார விஷயம். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வரைபடத்தை இரட்டைக் கோடாக வரையுங்கள். வெளித்தண்டவாளம் சிவப்பு ஸ்கெட்ச் பேனா, உள்தண்டவாளம் நீலம். பேனாவை எடுக்காமல் ஓவல் முழுக்கப் போய் வாருங்கள், சிவப்பு சிவப்போடும் நீலம் நீலத்தோடும் சேரும். இப்போது குறுக்குப் பாதையில் திரும்பிப் போய் மறுபக்கம் சேருங்கள். சிவப்பு போய் நீலத்தில் முட்டும். அந்த இடத்தில் ஷார்ட் சர்க்யூட். வண்டி திசை திரும்பும் எந்தப் பாதையும், அது குறுக்கோ முக்கோணமோ பலூன் வளையமோ, இரண்டு தண்டவாள முறையில் இப்படித்தான் முட்டும்.

தீர்வு உண்டு. அந்தப் பகுதியின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் தனியாக்கி, அதற்கு மட்டும் துருவம் மாற்றும் சுவிட்ச் கொடுக்க வேண்டும். டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் இதைத் தானாகச் செய்யும் மாட்யூலும் உண்டு. முதல் பலகைக்கு இது வேண்டாம் என்பேன். டீசல் இன்ஜினுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லையே, இரண்டு திசையிலும் ஓடும். அதே காரணத்தால் டர்ன்டேபிளும் இப்போதைக்குத் தேவையில்லை.

---

பாயிண்ட்ஸ்மேன் | விருதுநகர்

தம்பிக்கு வணக்கம். தென்மாவட்ட ஸ்டேஷன்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாடல் விஷயத்தில் இவர்கள் அளவுக்குத் தெரியாது, ஸ்டேஷன் தெரியும்.

ஒற்றைப் பாதையில் ஒரு சின்ன கிராசிங் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் லைன் ஒன்று, லூப் லைன் ஒன்று. சரக்கு வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்கும், எதிர் வண்டி மெயினில் போகும், அப்புறம் இது கிளம்பும். இதை வைத்துக்கொண்டே ஆயுள் முழுக்க வேலை பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட ஒன்றுமே நடக்காத நாளாக இருந்ததில்லை. உங்கள் ஓவலின் முன்பக்கம் அந்த லூப்பைப் போடுங்கள். இரண்டு பாயிண்ட். பின்பக்கம் இரண்டு சைடிங், இரண்டு பாயிண்ட். பாக்ஸ்என் திறந்த வேகன், அதனால் ஒன்று நிலக்கரி இறக்கும் இடம், இன்னொன்று ஜல்லி ஏற்றும் குவாரி.

லூப்புக்கு இன்னொரு பயன் இருக்கிறது. இன்ஜின் வேகன்களை மெயினில் விட்டுக் கழன்று, முன்னால் போய், லூப் வழியாகத் திரும்பி வந்து, வேகன்களின் மறுமுனையில் பிடிக்கலாம். இழுத்து வந்ததைத் தள்ளிக்கொண்டு போகலாம். லூப் இல்லாவிட்டால் இதற்கு இன்ஜின் ஓவல் முழுக்கச் சுற்றி வர வேண்டும்.

---

காகிதக்கப்பல்

ஐயா, மிக்க நன்றி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பலகை நீளம் 2440. இரண்டு முனை வளைவுக்கும் 438 ஆரமும் ஓரத்துக்கு 50ம் போக முன்பக்க நேர்பாதை 1464 மி.மீ. ஒரு பாயிண்டும், பிரிந்த பாதையை மீண்டும் இணையாக்கும் எதிர்வளைவும் சேர்ந்து 335 எடுக்கிறது, இரண்டு முனைக்கு 670. லூப்பில் இணையாக ஓடும் நேர்பகுதி 794. டபிள்யூடிஎம்-2 197 மி.மீ., ஐந்து வேகன் 615, மொத்தம் 812. வெறும் 18 மி.மீ.தான் குறைகிறது. பாயிண்டை ஒட்டி எதிர்வளைவில் கொஞ்சம் நீட்டி நிறுத்திக்கொள்ளலாம் இல்லையா?

---

பாயிண்ட்ஸ்மேன்

கூடாது தம்பி. இதைத்தான் எழுத நினைத்தேன்.

அடுத்த முறை ஏதாவது ஸ்டேஷனில் நிற்கும்போது பிளாட்பார முனைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பாதை பிரியும் இடத்தில், நடுவே, தரையோடு ஒரு குட்டைக் கல் பதித்து வெள்ளையடித்திருப்பார்கள். அதுதான் ஃபவுலிங் மார்க். லூப்பில் நிற்கும் வண்டியின் கடைசிச் சக்கரமும், அதற்கு அப்பால் நீட்டியிருக்கும் பகுதியும் அந்தக் கல்லுக்கு உள்ளே இருக்க வேண்டும். தாண்டி ஒரு முழம் நின்றாலும் மெயினில் வருகிற வண்டி பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகும். ராத்திரியில் கைவிளக்கோடு நடந்து போய், கடைசி வண்டி கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எதிர் வண்டிக்கு வழிவிடுவோம்.

லூப்பின் நீளம் என்பது இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரைதான், பாயிண்டிலிருந்து பாயிண்ட் வரை இல்லை. சைடிங்குக்கும் அப்படியே. மாடலில் கல்லை எங்கே பதிப்பது என்றால், இரண்டு வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மெயினில் வைத்து மெல்ல உருட்டுங்கள், இன்னொன்றை லூப்பில் பாயிண்டை நோக்கி விரல் விரலாக நகர்த்துங்கள். இரண்டும் உரசும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் பென்சிலால் கோடு போடுங்கள். ஐந்தாவது வேகன் உள்ளே வரவில்லை என்றால் உங்கள் ஸ்டேஷனுக்கு வண்டி நீளம் நாலு வேகன்.

---

காகிதக்கப்பல்

புரிந்தது ஐயா. நாலு வேகன். ஐந்தாவது சைடிங்கில் நிற்கும்.

---

ஐந்தாம்மாடி | சிங்கப்பூர்

8×4 கிடைக்காதவர்களுக்காகவும் ஒன்று சொல்லிவைக்கிறேன், இந்த இழையைப் பின்னாளில் தேடி வருவார்கள். என் வீட்டில் அலமாரிக்கு மேல் நாலரை அடிதான் இடம். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த இங்கிள்நுக் சைடிங்ஸ் என்ற ஏற்பாட்டைப் போட்டிருக்கிறேன். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. மூன்றுக்கும் பொதுவான தலைப்பாதையில் இன்ஜினும் மூன்று வேகனும் நிற்கும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே வண்டி கோக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம் போட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. குட்டையான நாலு சக்கர வேகன் வைத்தால்தான் இந்த நீளத்துக்குள் வரும்.

---

மீட்டர்கேஜ்

இதையே பலகைக்குள் ஒரு சைடிங் கூட்டமாகப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், நடுவில் இடம் விட்டு வையுங்கள்.

மரவேலைக்கு வருவோம். சென்னை ஈரத்துக்குச் சாதாரண பிளை உப்பும், நீர் தாங்கும் ரகத்தில் 12 மி.மீ. வாங்குங்கள். அடியில் 2×1 சட்டம், ஒன்றேகால் அடிக்கு ஒன்று. தண்டவாளம் கூடுதலாக வாங்கும்போது நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரும்புத் தண்டவாளம் கடல் காற்றில் துருப்பிடித்துவிடும்.

முக்கியமாக, எதையும் ஒட்டும் முன் தரையில் சார்ட் பேப்பர் ஒட்டி உண்மை அளவில் வரையுங்கள். பாயிண்ட் படங்களை, மாடல் தண்டவாளம் செய்யும் பெக்கோ நிறுவனம் தன் தளத்திலேயே தருகிறது, 100 சதவீத அளவில் அச்செடுத்து, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, வெட்டி வைத்துப் பாருங்கள். கணினியில் வரைய எக்ஸ்டிராக்கேட் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் திரையில் அழகாகச் சேரும் கோடு தரையில் மண்டியிட்டுப் பார்க்கும்போது வேறு கதை சொல்லும். பிறகு தண்டவாளத்தைப் பலகையில் ஆணி மட்டும் லேசாக அடித்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். பசை அதற்கப்புறம்.

---

சிவப்பு_நீலம்

கூடவே இதையும்: கன்ட்ரோலரிலிருந்து ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் எதிர்முனைக்குப் போகும்போது இன்ஜின் சோர்ந்துபோகும். ஒவ்வொரு ஜாயினரிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. பலகைக்கு அடியில் இரண்டு கனத்த கம்பி ஓட்டி, பின்பக்கத்திலும் ஒரு இணைப்பு கொடுங்கள். சிவப்பு சிவப்போடு, நீலம் நீலத்தோடு.

---

காகிதக்கப்பல்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தரையிலேயே போனது. சார்ட் பேப்பர் ஆறு. படம் இணைத்திருக்கிறேன், எழுத்திலும் சொல்கிறேன். ஒற்றை ஓவல். முன்பக்கம் உள்வாட்டில் லூப். இடது முனை வளைவில் ஓடையும் கல்பாலமும். பின்பக்கம் இரண்டு சைடிங், இரண்டும் பலகையின் உட்பக்கம் பிரிகின்றன. நிலக்கரி சைடிங் பாதைக்கு இணையாக, குவாரி சைடிங் எதிர்வளைவு இல்லாமல் 22.5 டிகிரி சாய்வாகவே நடுவை நோக்கிப் போகிறது. வண்டி கடிகாரச் சுற்றில் ஓடும். வண்டி தாண்டிப் போய் நின்று, பின்னால் நகர்ந்து வேகனைத் தள்ளிவிடும்படி இரண்டு சைடிங்கையும் வைத்திருக்கிறேன். 14 பாயிண்ட் 4 ஆகிவிட்டது. வாங்க வேண்டியது: வலக்கைப் பாயிண்ட் (வலப்பக்கம் பிரிவது) 1, இடக்கைப் பாயிண்ட் (இடப்பக்கம் பிரிவது) 3.

நான் ஸ்டேஷன் பக்கம் நிற்பேன், மகள் பின்பக்கம் சைடிங்குகளைப் பார்த்துக்கொள்வாள். அவள் கை இரண்டுக்கும் எட்டுகிறது, சார்ட் மேல் வைத்தே அளந்துவிட்டோம்.

---

பாயிண்ட்ஸ்மேன்

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஒரே ஒரு மாற்றம். இரண்டு சைடிங்கும் ஒரே பக்கம் பிரிந்தால் இரண்டிலும் ஒரே வேலைதான், லூப்புக்கு அங்கே வேலையே வராது. குவாரியை எதிர்த்திசையில் பிரிய விடுங்கள். அப்போது குவாரி வேகன் இன்ஜினுக்குப் பின்னால் இருந்தால் உள்ளே விட முடியாது. ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி, லூப் வழியாக வேகன்களுக்குப் பின்னால் கொண்டுவந்து, அங்கிருந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாப்பா பின்பக்கம் காத்துக்கொண்டிருக்க, நீங்கள் முன்பக்கம் இதைச் செய்து அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு வேலை இருக்கும்.

---

காகிதக்கப்பல்

இன்று இரவே தரையில் மாற்றி வைத்துப் பார்த்தோம். சாய்ந்த குவாரிப் பாதை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்போது நிலக்கரிப் பாதையை வெட்டுகிறது. அதனால் நிலக்கரி சைடிங்கை 650 மி.மீ.க்குச் சுருக்கினோம், அதிலேயே ஐந்து வேகன் நிற்கும். குவாரிக்கு உள்ளே மூன்று வேகன் போதும் என்று மகள் சொல்லிவிட்டாள். எதிர்த்திசை ஆனதும் அந்தப் பாயிண்டின் கையும் மாறுகிறது, இப்போது வலக்கை 2, இடக்கை 2. நல்லவேளை, இன்னும் ஆர்டர் போடவில்லை.

ஃபவுலிங் மார்க்குக்கு ஐஸ் குச்சியை நறுக்கி வெள்ளை பெயின்ட் அடித்து ஆறு கல் காய வைத்திருக்கிறாள். லூப்புக்கு இரண்டு, சைடிங்குக்கு ஒவ்வொன்று, மீதி இரண்டு தொலைந்தால் போட.